குடிக்கூலி வீட்டுக் கம்பளம்

அரசர்கள் எந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்கள், அந்தச் சிம்மாசனத்தில் எத்தனை ரத்தினங்கள் பதித்திருந்தன, அதிலிருந்து அவர்களைக் கீழே தள்ளியவர் யார் என்பதையெல்லாம் சரித்திர ஆசிரியர்கள் ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் சாதாரண ஜனங்கள் எதன்மேல் உட்கார்ந்தார்கள் என்று தேடிப் பாருங்கள்; அரைப் பக்கம் கூட அகப்படாது. 'ஜனங்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?' என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

எழுதுவதற்கு ஏராளமாக இருக்கிறது. மனிதனுடைய காலுக்கும் மண்ணுக்கும் நடுவே விரித்த அந்த ஒரு விரற்கடைக் கனத்துக்குள்ளே இரண்டாயிரம் வருஷத்துக் கதை சுருட்டிக் கிடக்கிறது. அதை உதறிப் பார்த்தால் தூசி மட்டுமல்ல, ராஜாக்கள், யந்திரங்கள், ஜெயில் கைதிகள், வேலை நிறுத்தங்கள், கோர்ட்டு வழக்குகள் எல்லாம் உதிர்கின்றன.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் புலமை அன்று, குளிர். கோயமுத்தூரில் நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. தரை முழுவதும் பளபளவென்று ஓடு பதித்திருக்கிறார்கள். மார்கழி மாதத்தில் அந்தத் தரையில் கால் வைத்தால் என் தாயாருக்கு முழங்கால் வரையில் வலி ஏறுகிறது. இரண்டு வயதுப் பேத்தியோ, அதே தரையில் ஒரு மரக் குதிரையை நாள் முழுவதும் இழுத்துக்கொண்டு திரிகிறாள். அந்தக் குதிரையின் சக்கரச் சத்தத்தைப் பற்றிக் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் மிகவும் மரியாதையாக இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். மூன்றாந் தடவை சொல்லும்போது மரியாதை அவ்வளவு இராது என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு கம்பளம் வாங்குவது என்று வீட்டில் தீர்மானம் ஆயிற்று.

தீர்மானத்தோடு மூன்று நிபந்தனைகளும் வந்தன. விலை குறைவாக இருக்க வேண்டும். விலைதான் குறைவாக இருக்க வேண்டுமே தவிர, சரக்கு மட்டமாக இருக்கக் கூடாது. மூன்றாவதாக, வீட்டைக் காலி செய்கிற அன்று அதுவும் எங்களோடு கிளம்பி வர வேண்டும். ஒட்டுவதும் ஆணி அடிப்பதும் வாடகை ஒப்பந்தத்தில் விலக்கப்பட்ட காரியங்கள்.

இந்த மூன்று நிபந்தனைகளும் எங்கள் வீட்டில் பிறந்தவை என்றுதான் முதலில் எண்ணினேன். சரித்திரத்தைப் புரட்டியபோதுதான், மலிவு, தரம், சுருட்டி எடுத்துக்கொண்டு போகும் சுதந்திரம் ஆகிய இந்த மூன்றும் கம்பளம் பிறந்த நாளிலிருந்து ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கின்றன என்று தெரிந்தது.

*

முதலில் மூன்றாவது நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். வயதில் அதுதான் மூத்தது.

1949-ஆம் வருஷம் ருடென்கோ என்ற ருஷிய ஆராய்ச்சியாளர், சைபீரியாவின் தெற்கே அல்தாய் மலையில் பஸிரிக் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார். எவரோ ஒரு நாடோடித் தலைவனுடைய கல்லறை. திருடர்கள் எப்போதோ அதற்குள் புகுந்து பொன்னைக் கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் போட்ட துவாரத்தின் வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே பனிக்கட்டியாக உறைந்துவிட்டது. திருடர்களின் புண்ணியத்தில் உறைந்த அந்தப் பனிக்கட்டிக்குள்ளே ஒரு கம்பளம் சிதையாமல் இருந்தது. வயது ஏறக்குறைய 2,400. நீளம் இரண்டு மீட்டர். அகலம் அதைவிடச் சற்றுக் குறைவு. ஓரத்தில் குதிரை வீரர்கள் வரிசையாகப் போகிறார்கள். உள்வரிசையில் மான்கள் மேய்கின்றன. மொத்தம் 12 லட்சத்துக்கு மேற்பட்ட முடிச்சுகள். இன்று அது லெனின்கிராடு என்று ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தின் ஹெர்மிடாஜ் காட்சிசாலையில் இருக்கிறது.

முடிச்சு என்றால் என்ன என்பதை ஒரு வார்த்தையில் சொல்லி விடுகிறேன். தறியில் பாவு நூலை நெடுக்காகக் கட்டி, இரண்டு இரண்டு பாவு நூலைச் சேர்த்து ஒரு சிறு கம்பளி இழையைச் சுற்றி முடிந்து, நுனியை வெட்டிவிட வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை நூலைச் செலுத்தி, சீப்பு போன்ற கருவியால் தட்டி இறுக்க வேண்டும். பிறகு அடுத்த வரிசை. வேலை அவ்வளவுதான். அதையே 12 லட்சம் தடவை செய்ய வேண்டும், அதுதான் கஷ்டம்!

நான் கவனித்தது வேறொரு விஷயம். அந்தக் கம்பளத்துக்குச் சொந்தக்காரன் வீடு கட்டி வாழ்ந்தவன் அல்லன்; குதிரை ஏறித் திரிந்தவன். கம்பளம் நெய்யும் வித்தையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த துருக்கோமானியர், காஷ்காய், பலூச்சி முதலிய ஜாதியாரெல்லாம் கூடாரவாசிகள். இன்று இந்தப் புல்வெளி, நாளை அந்தப் பள்ளத்தாக்கு. அவர்களுக்குக் கம்பளந்தான் தரை, கம்பளந்தான் படுக்கை, மூட்டை கட்டும் பையும் அதுவே. புறப்படும் நாளில் வீட்டின் தரையைச் சுருட்டி ஒட்டகத்தின் முதுகில் ஏற்றிவிடுவார்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீட்டுக்கு வீடு மாறுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இவர்கள் மூதாதையர்கள் அல்லவா? ஒட்டகத்துக்குப் பதிலாக நமக்கு மினி லாரி வந்திருக்கிறது. வேறு வித்தியாசம் அதிகம் இல்லை.

*

கூடாரத்தில் பிறந்த கம்பளம் அரண்மனைக்குள் போயிற்று. அங்கேதான் அதன் குணம் மாறியது.

பாரஸீகத்தில் ஆர்தபில் என்ற ஊரில் ஒரு மகானுடைய சமாதிக்காக ஹிஜ்ரி 946-இல், அதாவது 1539-40-இல், ஒரு ஜோடிக் கம்பளங்கள் நெய்தார்கள். அவற்றில் ஒன்று பத்து மீட்டருக்கு மேல் நீளம். ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட முடிச்சுகள். நெய்வித்த மக்ஸூத் காஷானி தன் பெயரையும் வருஷத்தையும் அதன் ஒரு தலைப்பில் பொறித்திருக்கிறான். 1893-இல் லண்டனிலுள்ள தென் கென்ஸிங்டன் மியூசியம் அதை 2,000 பவுன் கொடுத்து வாங்கிற்று. வாங்கலாம் என்று யோசனை சொன்னவர் வில்லியம் மாரிஸ் என்ற கவிஞர். அவரே ஒரு நெசவாளரும் கூட. ஆனால் இந்தக் கம்பளம் இவ்வளவு முழுமையாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. கந்தலாகிப் போன இடங்களை ஒட்டுப் போடுவதற்கு அதன் ஜோடியை வெட்டிவிட்டார்கள்! ஒன்று பூரணமாக விளங்குவதற்கு இன்னொன்று துண்டாக வேண்டியிருந்தது. கம்பளத்தின் சரித்திரத்தில் இந்தச் சம்பவம் பல உருவங்களில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கப் போகிறோம்.

நம் நாட்டில் அக்பர் பாதுஷா ஆக்ரா, பத்தேபூர், லாகூர் ஆகிய நகரங்களில் கம்பளத் தறிகளை ஏற்படுத்தினார் என்று அபுல் பஸல் எழுதுகிறார். ஐரோப்பாவிலோ அந்த நாளில் கம்பளத்தை மிதிக்கவே மனம் வரவில்லை. கீழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த சாமான், அத்தனை விலை! மேஜைமேல் விரித்தார்கள். ஹோல்பைன் என்ற ஓவியர் 1533-இல் எழுதிய 'தூதர்கள்' என்ற பிரசித்தமான படத்தில் இரண்டு பிரபுக்கள் நிற்கிறார்கள். துருக்கிக் கம்பளம் அவர்கள் கையூன்றிய மேஜையின்மேல் இருக்கிறது, காலடியில் இல்லை.

மேஜைமேல் இருந்த கம்பளம் எப்படித் தரைக்கு இறங்கியது? அதுவும் வாடகை வீட்டின் தரைக்கு? அது இங்கிலாந்தில் நடந்த கதை.

*

1755-இல் ஆக்ஸ்மின்ஸ்டர் என்ற சிறிய ஊரில் தாமஸ் விட்டி என்ற நெசவாளர், துருக்கிக் கம்பளத்தைப் போலவே கையால் முடிந்து ஒரு கம்பளத்தை நெய்து முடித்தார். கூலிக்கு ஆள் வைக்க வசதி இல்லை. தம் சொந்தப் பெண்களையே தறியில் உட்கார வைத்தார். கம்பளம் அற்புதமாக வந்தது. ஆனால் அதை வாங்கியவர்கள் பிரபுக்கள்தான். முடிச்சுப் போட்ட கம்பளத்தில் மலிவு என்பது கிடையாது. முடிச்சுக்கு விரல் வேண்டும். விரலுக்குச் சாப்பாடு வேண்டும்.

மலிவுக்கு வழி கண்டது கிட்டர்மின்ஸ்டர் என்ற இன்னோர் ஊர். அங்கே முடிச்சை விட்டுவிட்டு, தறியிலேயே இழை மேலெழும்பும்படி நெய்தார்கள். அகலம் முக்கால் கஜம். நீளம் வேண்டிய மட்டும். அந்தத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து அறையின் அளவுக்குக் கொண்டு வருவார்கள். டாக்டர், வக்கீல், கடைக்காரர் வீடுகளுக்குக் கம்பளம் இப்படித்தான் வந்தது.

விலையை இன்னும் குறைக்க வேண்டும் என்ற போட்டி எழுந்தது. 1828-இல் கிட்டர்மின்ஸ்டர் முதலாளிகள், கஜம் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங்காக இருந்த கூலியைப் பத்துப் பென்னியாகக் குறைத்தார்கள். அதாவது ஆறில் ஒரு பங்கு போயிற்று. நெசவாளர்கள் தறியை விட்டு எழுந்தார்கள். ஏறக்குறைய ஐந்து மாதம் வேலை நிறுத்தம் நடந்தது. அந்த ஊரிலேயே பிறந்த ஹம்ப்ரி பிரைஸ் என்ற பாதிரியார் அவர்களுக்காக எழுதினார். எழுதியதற்கு அவருக்குக் கிடைத்த சன்மானம் ஒரு வருஷச் சிறைவாசம். நெசவாளர்கள் கடைசியில் பசி தாங்காமல் குறைந்த கூலிக்கே திரும்பினார்கள். லண்டன் கடையில் கம்பளத்தைத் தடவிப் பார்த்து, 'பரவாயில்லை, விலை இறங்கியிருக்கிறதே!' என்று சந்தோஷப்பட்ட எந்தக் குடும்பத் தலைவிக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. துணியின் மேல்பக்கத்தில் கதை எழுதியிருப்பதில்லை.

அடுத்தாற்போல் வந்தது யந்திரம். அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் 1814-இல் பிறந்த எராஸ்டஸ் பிகெலோ என்ற இளைஞர், 1840-ஐ ஒட்டி, கம்பளம் நெய்யும் விசைத்தறியைக் கண்டுபிடித்தார். இழை எழும்பாத இரட்டை நெசவுக் கம்பளத்தைக் கைத்தறியில் ஒரு நாளைக்கு எட்டுக் கஜம் நெய்து கொண்டிருந்தார்கள். பிகெலோவின் தறியில் அது இருபத்தைந்து கஜம் ஆயிற்று. 1851-இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சியில் அவருடைய நெசவைக் கண்டு எல்லாரும் அதிசயித்தார்கள். ஹாலிபாக்ஸ் நகரத்துக் கிராஸ்லி சகோதரர்கள் அவருடைய உரிமையை வாங்கி, அரை மைல் நீளத்துக்கு ஆலைகளை எழுப்பினார்கள். கிட்டர்மின்ஸ்டரின் கைத்தறிகள் மௌனமாயின. 1851-க்கும் 1861-க்கும் நடுவில் அந்த ஊரின் ஜனத்தொகையே குறைந்து போயிற்று.

ஒன்று பூரணமாக இன்னொன்றைத் துண்டாக்குவது என்று சொன்னேனே, இதுதான் அது.

*

அந்த நாளில் இங்கிலாந்தில் பெரும்பாலோர் வாடகைக்குத்தான் குடியிருந்தார்கள். பணக்காரர்கள் கூடத்தான். கம்பளம் மலிந்ததும், சுவரிலிருந்து சுவர் வரையில் தைத்து நிரப்பும் மோகம் பிடித்துக்கொண்டது. கணப்பின் மூலை, ஜன்னலின் வளைவு, எதையும் விடாமல் அளந்து வெட்டுவார்கள். வீடு மாறும்போதுதான் சங்கடம். பழைய வீட்டின் மூலைகளுக்காக வெட்டிய கம்பளம் புதிய வீட்டின் மூலைகளுக்குப் பொருந்துமா?

1868-இல் சார்லஸ் ஈஸ்ட்லேக் என்பவர் இல்லற ரசனையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். மூலை முடுக்குக்கெல்லாம் வெட்டுவது வீண் செலவு; கம்பளத்தைச் சதுரமாக அறையின் நடுவில் விரித்து, ஓரத்துத் தரையை விட்டுவிடுங்கள் என்பது அவருடைய உபதேசம். அழகுக்காக அவர் சொன்னார். குடியிருப்பவர்களோ சௌகரியத்துக்காகக் கேட்டுக்கொண்டார்கள். சதுரக் கம்பளத்தைத் திருப்பிப் போடலாம். அப்போது தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. வேறு அறைக்கு மாற்றலாம். வேறு வீட்டுக்கும் கொண்டு போகலாம். கூடாரவாசியின் பழைய ஞானம் ஆயிரம் காத தூரம் சுற்றி லண்டனுக்கு வந்து சேர்ந்தது.

கம்பளத்துக்கும் வழியில்லாத ஏழை வாடகைக்காரருக்கு இன்னொன்று கிடைத்தது. பிரெடரிக் வால்ட்டன் என்பவர் ஒரு நாள் வர்ண டப்பாவின்மேல் ஆளிவிதை எண்ணெய் ஏடு கட்டியிருப்பதைக் கண்டார். ரப்பர் மாதிரி வளைந்தது அந்த ஏடு. அந்த எண்ணெயைப் பதப்படுத்தி, தக்கைத் தூளைக் கலந்து, சணல் துணியின்மேல் அழுத்தி, 1863-இல் 'லினோலியம்' என்று பெயரிட்டு உரிமை பெற்றார். ஈரம் துடைக்கலாம், பூச்சி அரிக்காது, விலையும் கொஞ்சம். 1878-இல் அந்தப் பெயர் தமக்கே சொந்தம் என்று அவருடைய கம்பெனி வழக்காடித் தோற்றது. எல்லார் வாயிலும் புழங்கிப் பொதுச் சொல்லாகிவிட்டது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது! அந்த லினோலியத்துக்கு வேண்டிய சணல் வங்காளத்தில் விளைந்தது. ஆளிவிதையிலும் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து கப்பலேறியது. மான்செஸ்டர் தொழிலாளி காலை வைத்த தரையில் நம்முடைய குடியானவனின் வியர்வையும் கலந்துதான் இருந்தது.

*

நம் நாட்டுக் கம்பளம் அப்போது என்ன செய்து கொண்டிருந்தது? ஜெயிலில் இருந்தது. நான் கதைக்காகச் சொல்லவில்லை.

1851 கண்காட்சிக்குப் பிறகு மேல்நாட்டார் இந்தியக் கம்பளத்தை விரும்பிக் கேட்கத் தொடங்கினார்கள். சர்க்கார் கைதிகளைத் தறியில் உட்கார வைத்தது. கைதிக்குக் கூலி இல்லை. ஆகவே ஜெயில் கம்பளத்தோடு வெளித் தறிக்காரன் விலையில் போட்டி போட முடியவில்லை. ஆக்ரா ஜெயிலில் நெய்த ஒரு பிரம்மாண்டமான கம்பளம் விக்டோரியா மகாராணிக்காக வின்ட்ஸர் கோட்டைக்குப் போயிற்று. இரண்டு டன் எடை. 1992-இல் அந்தக் கோட்டையில் தீப் பிடித்தபோது, அதைச் சுருட்டி வெளியேற்ற ஐம்பது சிப்பாய்கள் தேவைப்பட்டார்களாம். இந்தியக் கலைகளைப் பற்றி 1880-இல் புத்தகம் எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட், ஜெயில் தறியும் சீமைச் சாயமும் சேர்ந்து ஒரு பழைய கலையைக் கெடுக்கின்றன என்று மனம் நொந்து எழுதினார். ஏலூரிலும் வாலாஜாபேட்டையிலும் தஞ்சை ஜில்லா அய்யம்பேட்டையிலும் கம்பளம் நெய்தவர்கள் அந்த நஷ்டத்தைத் தங்கள் வயிற்றில் உணர்ந்தவர்கள்.

ஜெயிலுக்குப் பிறகு குழந்தைகள். காசி நகரத்துக்கு அருகிலுள்ள பதோஹி, மிர்ஜாப்பூர் வட்டாரத்துத் தறிகளில் சிறுவர்கள் அடிமைகள்போல் உழைத்ததை 1980-களில் உலகம் அறிந்தது. 'சின்ன விரலுக்குத்தான் சன்ன முடிச்சு வரும்' என்று வியாபாரிகள் ஒரு சமாதானம் சொல்வார்கள். சுத்தப் பொய்! மிக உயர்ந்த வேலையெல்லாம் தேர்ந்த பெரியவர்களின் கைவேலைதான். சின்ன விரலின் விசேஷம் ஒன்றே ஒன்று. அதற்குக் கூலி குறைவு. குழந்தைகளின் கை படாத கம்பளத்துக்கு ஓர் அடையாளச் சீட்டு வேண்டும் என்று கைலாஷ் சத்யார்த்தியும் மற்றவர்களும் பாடுபட்டு, 1994-இல் 'ரக்மார்க்' என்ற முத்திரையைக் கொண்டு வந்தார்கள். பிற்பாடு அதற்கு 'குட்வீவ்' என்று பெயர் மாறிற்று. சத்யார்த்திக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

*

இப்போது கடைகளில் மிகவும் மலிவாகக் கிடைக்கும் கம்பளம் நெய்யப்படுவதே இல்லை, தைக்கப்படுகிறது. அதற்கு மூலம் ஒரு கல்யாணப் பரிசு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து டால்ட்டன் ஊருக்கு அருகே, காதரின் எவான்ஸ் என்ற பதினைந்து வயதுப் பெண் 1895-இல் ஒரு படுக்கை விரிப்புச் செய்தாள். துணியில் தடித்த நூலை ஊசியால் கோத்து, நுனியை வெட்டிக் குஞ்சம் குஞ்சமாக நிற்க வைத்தாள். 1900-இல் அப்படி ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றாள். ஊர்ப் பெண்களெல்லாம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள். பிறகு ஊசிக்குப் பதில் யந்திரம் வந்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே வரிசையில் குத்தும் அகலமான யந்திரம் வந்தது. பருத்தி போய் நைலான் வந்தது. நுனிகள் பிடுங்கிக்கொண்டு வராமல் இருக்க அடியில் ரப்பர்ப் பாலைப் பூசி ஒட்டினார்கள். 1950-களிலேயே அமெரிக்காவில் இந்த ஊசிக் கம்பளம் நெய்த கம்பளத்தை மிஞ்சிவிட்டது.

மலிவு வந்ததும் சுவருக்குச் சுவர் நிரப்பும் மோகமும் மறுபடி வந்தது. ஒட்டிய கம்பளம் யாருக்குச் சொந்தம்? வீட்டுக்கா, மனிதனுக்கா? 1996-இல் இங்கிலாந்தில் ஒரு பாங்கு, கடனுக்காக ஒருவருடைய வீட்டைக் கைப்பற்றியபோது இந்த வழக்கு எழுந்தது. அளவெடுத்துப் பதித்த கம்பளமானாலும் அது வீட்டின் பகுதி ஆகாது என்று அப்பீல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. கூடாரவாசிகள் கேட்டிருந்தால், 'இதற்கு ஒரு கோர்ட்டா!' என்று சிரித்திருப்பார்கள்.

*

இவ்வளவு சரித்திரத்தையும் தலையில் சுமந்துகொண்டு நானும் என் மனைவியும் கடை கடையாக ஏறினோம். கையால் முடிந்த காஷ்மீரக் கம்பளம் கண்ணைப் பறித்தது. விலை எங்களுடைய ஒரு வருஷத்து வாடகை. பக்கத்தில் நைலான் கம்பளம், வாடகையில் கால் பங்கு விலைக்குக் கிடைத்தது. என் மனைவி அதன் ஓரத்தை மடக்கிப் பார்த்தாள். இழைகளுக்கு நடுவே அடித்துணி வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. விரலால் லேசாக இழுத்தாள். ஒரு குஞ்சம் கையோடு வந்தது.

"இது பாப்பாவின் குதிரைக்கு ஒரு மாதம் தாங்காதுங்க" என்றாள். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

அந்த இழையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பவானியின் ஞாபகம் வந்தது. இரண்டு மணி நேரப் பிரயாணம். காவேரியும் பவானியும் கலக்கும் கூடுதுறையில் ஸ்நானம் செய்யப் போகிறவர்கள் அநேகர். தறிச் சத்தம் கேட்கப் போகிறவர்கள் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத் துணி வந்து குவிந்து நம் நெசவாளர்களைத் திண்டாட வைத்தபோது, இந்த ஊரில் ஜங்கமர் என்ற சமூகத்தார், முரட்டுப் பருத்தி நூலில் சாயம் தோய்த்துப் பட்டை பட்டையாகக் கனத்த விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். சீமை ஆலைகள் அனுப்பிய மெல்லிய துணியோடு போட்டி போடாமல், அவை அனுப்பாத ஒரு சரக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் பவானி ஜமக்காளம். தமிழ்நாட்டில் அதன்மேல் உட்கார்ந்து கல்யாணச் சாப்பாட்டுக்குக் காத்திராதவர்கள் யார்? கச்சேரி கேட்காதவர்கள் யார்?

அதில் முடிச்சுக் கிடையாது. பிடுங்கிக்கொண்டு வரக் குஞ்சம் கிடையாது. மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்ற பேதமும் கிடையாது. ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போடலாம். ஈஸ்ட்லேக் துரை பார்த்திருந்தால் இன்னோர் அத்தியாயம் எழுதியிருப்பார்.

நாங்கள் போன வீட்டில் ஒரு பெரியவரும் அவருடைய மனைவியும் குழித்தறியில் அடுத்தடுத்து உட்கார்ந்து, நாடாவைக் கைக்குக் கை மாற்றி நெய்து கொண்டிருந்தார்கள். அகலமான ஜமக்காளத்துக்கு ஒரு ஜோடிக் கை போதாது. நான் கைக்குட்டையை நனைத்துச் சிவப்புப் பட்டையில் தேய்த்துப் பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நல்லாத் தேய்ச்சுப் பாருங்க சார். சாயம் போனா, சாயம் மட்டுமா போகும்? எங்க பேருமில்லீங்க போயிரும்" என்றார்.

"பையன்கள் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. ரெண்டு பேரும் திருப்பூருக்குப் போயிட்டாங்க. வரச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரமாட்டேங்குது" என்றார். அவருடைய மனைவி நாடாவை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிக் காத்திருந்தாள். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜமக்காளத்தைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2005-06-இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் வெளியூர் விசைத்தறியில் நெய்து, 'பவானி' என்று பெயர் சூட்டி, கடைகளில் பாதி விலைக்கு அடுக்கி வைக்கிறார்கள். கிட்டர்மின்ஸ்டரில் நடந்தது வேறு ஊரின் பழங்கதை என்று நினைத்தீர்களா? அது இன்னும் முடியாத தொடர்கதை.

எட்டடிக்குப் பத்தடியில் ஒரு ஜமக்காளம் வாங்கினோம். விலை, கடையில் பார்த்த நைலானைவிடக் கொஞ்சம் அதிகம். கடையில் பார்த்த போலிப் பவானியைவிட இரண்டு மடங்கு. என் மனைவி பேரம் பேசுவதில் பெயர் பெற்றவள். அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாசகர்களில் யாராவது குடிக்கூலி வீட்டுக்கு விரிப்பு வாங்க உத்தேசித்தால், சரித்திரம் எனக்குச் சொன்ன சில யோசனைகளைச் சொல்கிறேன். அறையைவிட நான்கு பக்கமும் ஓர் அடி குறைவாக வாங்குங்கள். அடுத்த வீட்டு அறை சின்னதாக இருக்கலாம். மடக்கிப் பாருங்கள், அடித்துணி தெரிந்தால் வைத்துவிடுங்கள். பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்; கையால் முடிந்த கம்பளத்தில் முன்புறத்துச் சித்திரம் பின்புறத்திலும் தெரியும்; பசை பூசியதில் தெரியாது. ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சத்தம் கேட்கக் கூடாதென்றால், அடியில் ஒரு கோரைப் பாயையோ பழைய ஜமக்காளத்தையோ போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திசை மாற்றி விரியுங்கள்.

கடைசியாக ஒன்று. விலை மிகவும் மலிவாக இருந்தால், அந்த மலிவை யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். யந்திரம் கொடுத்ததானால் சரி, சந்தோஷமாக வாங்கலாம். யந்திரம் வந்திராவிட்டால் நம்மைப் போன்றவர்கள் இன்னும் வெறுந்தரையில்தான் உட்கார்ந்திருப்போம். ஆனால் சில சமயம் மலிவைக் கொடுப்பது யந்திரம் அன்று. பத்துப் பென்னிக்கு இறங்கிய கூலி கொடுக்கிறது. கைதியின் கை கொடுக்கிறது. பள்ளிக்கூடம் போகாத குழந்தையின் விரல் கொடுக்கிறது. அப்படிக் கொடுக்கப்பட்ட மலிவு நம் வீட்டில் விரிந்து கிடக்கிறதென்றால், வாடகைக்கு மேல் இன்னொரு பாக்கி நம் பேரில் ஏறிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். வீட்டுக்காரருடைய பாக்கியை மாதம் பிறந்தால் தீர்த்துவிடலாம். இந்தப் பாக்கியைத் தீர்க்கும் இடம் கடை ஒன்றுதான்; அதுவும் பணப்பையைத் திறக்கிற அந்த ஒரு நிமிஷந்தான்.